அடுக்கின் மிடுக்கு

சூப்பர் கம்ப்யூட்டர்களை இந்தியாவுக்கு விற்பதில் அமெரிக்கா கெடுபிடி காட்டிய காலம். 1988-ல் புனேயில் சி-டாக் நிறுவனம் பிறந்தது. விஜய் பட்கர் தலைமையிலான குழு 1991-ல் பதில் சொன்னது: பரம் 8000. அதன் வேகம் கிகாஃப்ளாப் அளவு. அதாவது வினாடிக்கு நூறு கோடி கணக்குகள்.

ஒன்றுக்குப் பின் ஒன்பது பூஜ்யங்கள். கணித ஆசிரியர் இதை 10⁹ என்று சுருக்கிவிடுவார். 10 அடிமானம், தலைமேல் உட்கார்ந்திருக்கும் 9 அடுக்கு. ஒன்பது பத்துகளை வரிசையாக எழுதிப் பெருக்கு என்பதே அதன் பொருள். இது புரிந்தால் அடுக்கு விதிகள் தானாக வரும். புரியாதவர்கள்தான் உருப்போட்டுவிட்டுத் தேர்வில் கோட்டை விடுகிறார்கள்.

அந்த வேகத்தில் ஆயிரம் வினாடி ஓடினால் எத்தனை கணக்குகள்? 10⁹ × 10³. ஒன்பது பத்துகளோடு மூன்று பத்துகள் சேர்கின்றன, விடை 10¹². பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டுவது இதனால்தான். ஆனால் அடிமானம் ஒன்றாக இருக்க வேண்டும். 2³ × 5² என்பதில் இந்த வித்தை பலிக்காது.

இனி வகுத்தல். 2020 நவம்பரில் உலகின் 500 அதிவேகக் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 63-ஆம் இடம் பிடித்தது சி-டாக்கின் பரம் சித்தி-ஏஐ. வேகம் 4.6 பெட்டாஃப்ளாப், பெட்டா என்றால் 10¹⁵. அதை 10⁹-ஆல் வகுத்தால் மேலும் கீழும் ஒன்பது பத்துகள் அடிபட்டுப் போகும். மிச்சம் 4.6 × 10⁶. கிகாஃப்ளாப் இயந்திரம் 53 நாள் மூச்சுப் பிடித்துச் செய்யும் வேலை, சித்திக்கு ஒரு வினாடி!

10⁹-ஐ 10⁹-ஆலேயே வகுத்தால்? எல்லாப் பத்துகளும் அடிபட்டு 1 மிஞ்சும். அடுக்குகளைக் கழித்தால் 10⁰. பூஜ்ய அடுக்கின் மதிப்பு ஏன் பூஜ்யம் அல்ல, 1 என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மைனஸ் அடுக்கும் அப்படியே. வினாடிக்கு 10⁹ கணக்கு என்றால் ஒரு கணக்குக்குச் சராசரியாக 1/10⁹ வினாடி, அதுதான் 10⁻⁹. அடுக்குக்கே அடுக்கு வந்தால் பெருக்க வேண்டும்: ஆயிரம் ஆயிரம் ஆயிரம், (10³)³ = 10⁹. மும்மூன்று ஒன்பது.

பலர் சறுக்குவது கூட்டலில். 10⁹ + 10⁹ = 10¹⁸ என்று எழுதுகிறார்கள். இரண்டு கிகாஃப்ளாப் இயந்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிடைப்பது இரண்டு கிகாஃப்ளாப்தான், 2 × 10⁹. 10¹⁸ என்பது எக்ஸாஃப்ளாப். அந்தப் பட்டியலில் முதன்முதலாக அதைத் தொட்டது அமெரிக்காவின் ஃப்ரான்டியர், 2022-ல். 9-லிருந்து 15-க்கு ஏற சி-டாக்குக்கு 29 ஆண்டுகள் பிடித்தன. விடைத்தாளில் 9-ஐ 18 ஆக்க ஒரு வினாடி போதும்.