மெஷினுக்குக் கோடி, கைக்கு எவ்வளவு?

புற்றுநோய்க்குக் 'கரண்ட் வைக்கிறது' என்று நம் சனங்கள் சொல்கிற கதிர்வீச்சு சிகிச்சையில், கரண்ட் வைப்பது யார்? டாக்டர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். எவ்வளவு கதிர் என்று டாக்டர் எழுதுகிறார். மருத்துவ இயற்பியலாளர் கணக்குப் போடுகிறார். தினம் தினம் நோயாளியை மேசையில் படுக்க வைத்து, உடம்பில் போட்ட குறியோடு லேசர் கோட்டைப் பொருத்தி, கதிரைச் செலுத்துகிறவர் டெக்னீஷியன். வாரம் ஐந்து நாள், பலருக்கு ஐந்தாறு வாரம். கை பிசகினால் கட்டி தப்பும், நல்ல சதை வேகும்.

தாம்பரம் பக்கத்து மாணவர்களுக்கு இது தூரத்து வேலை இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954இல் தொடங்கியது. 1957இல் அங்கே கோபால்ட் மெஷின் வந்தது. தரமணியில் 2019இல் அப்போலோவின் புரோட்டான் மையம் திறந்தது. பல்லாவரத்திலிருந்தும், நகரத்துக் குடிசைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து போட்ட பெரும்பாக்கம், செம்மஞ்சேரியிலிருந்தும் நம்ம புள்ளைங்க பாராமெடிக்கல் படிக்கப் போகிறார்கள். கடன் வாங்கிப் படிக்கிறவர்களுக்குக் கடைசியில் சம்பளம் என்ன?

எய்ம்ஸ் மருத்துவமனைகளின் வேலை அறிவிப்புகளைப் பாருங்கள். 2016இல் வந்த ஏழாவது ஊதியக்குழுக் கணக்கில் இந்த வேலைக்கு ஆறாம் நிலை. தொடக்க அடிப்படைச் சம்பளமே 35,400 ரூபாய். அகவிலைப்படி தனி. தனியார் விளம்பரங்களிலோ பெரும்பாலும் தொகையே இருக்காது. 'நேரில் பேசிக்கலாம்' என்பார்கள். கையில் காசில்லாதவன் நேரில் என்னத்தைப் பேசுவான்?

டிப்ளமோவா டிகிரியா, எத்தனை வருஷ அனுபவம், எந்த மெஷின் தெரியும் என்பதெல்லாம் சம்பளத்தை மாற்றும். அது நியாயம்தான். ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம், எந்த வாசல் வழியாக உள்ளே போனோம் என்பதில் இருக்கிறது. நிரந்தரமா, ஒப்பந்தமா, ஏஜென்சியா? தமிழக அரசின் நிரந்தரப் பணியிடத்தில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம்; அதற்குள் அருந்ததியருக்கு 3. தனியாரில் இடஒதுக்கீடு கிடையாது. ஏஜென்சி வழியாக ஆள் எடுக்கும்போது இனச்சுழற்சியைக் கேட்க ஆளே இல்லை. ஆக, ஒப்பந்தம் என்பது சம்பளத்தை மட்டும் வெட்டவில்லை. நம் உரிமையையும் சேர்த்து வெட்டுகிறது.

டெக்னீஷியன் மார்பில் ஒரு பேட்ஜ் இருக்கும். உடம்பில் ஏறிய கதிரை அது அளக்கும். ஐந்தாண்டுச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30க்கு மேல் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. அந்த பேட்ஜுக்கு நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதம் தெரியாது. சம்பளப் பட்டியலுக்குத்தான் தெரிகிறது. தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டென்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு தானாக நடந்து வராது தோழர்களே.

அமெரிக்காவில் 2023 மே மாதக் கணக்குப்படி இந்த வேலையின் இடைநிலை ஆண்டு வருமானம் 98,300 டாலர். அந்த நாட்டு விலைவாசி வேறு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அங்கே கையால் செய்கிற வேலைக்கும் மதிப்புப் போட்டிருக்கிறான். இங்கே எழுதுகிறவன் மேல், தொட்டுச் செய்கிறவன் கீழ். இந்தக் கணக்கை யார் போட்டது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. தகுதி பெற்ற டெக்னீஷியன் இல்லாமல் இந்த மெஷினை ஓட்ட வாரியம் அனுமதிக்காது. கோடி ரூபாய் மெஷின் நம் கைக்காகக் காத்திருக்கிறது. அதுதான் நம் பலம். தனித்தனியாகப் போய் நின்றால் அது பலமாகாது.

மாணவர்களே, பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: இந்தப் படிப்பை வாரியம் ஏற்கிறதா? பயிற்சி எந்த மெஷினில்? 2021இல் வந்த துணைமருத்துவப் பணியாளர் சட்டம் படிப்பையும் பதிவையும் ஒழுங்குபடுத்துகிறது, சம்பளத்தை நிர்ணயிக்கவில்லை. அதை நாம்தான் கேட்டு வாங்கணும். விளம்பரத்திலேயே சம்பளத்தைப் போடு. நிரந்தரப் பணியிடத்தை இனச்சுழற்சியோடு நிரப்பு. ஒப்பந்தக்காரருக்கும் அதே சம்பளம் கொடு. இந்த மூன்றையும் சேர்ந்து கேட்போம்.