தாயின் தலையில் ஏன் பழி?

துள்ளித் திரிந்த பிள்ளை ஒருநாள் தலைவலி, வாந்தி, வலிப்பு என்று சாய்கிறது. ஒரு கை ஓய்கிறது, கண் மங்குகிறது. "பெற்றவள் செய்த பாவம்!" எனத் தீர்ப்பளிக்கிறது ஊர். முன்வினை என்கிறார் ஒருவர். நாகதோஷம் என்கிறார் இன்னொருவர். பரிகாரப் பட்டியலை நீட்டுகிறார் மூன்றாமவர். தாய், குற்றவாளிக் கூண்டில்!

இப்போது அவர்களுக்குப் புதுத்துணை கிடைத்துவிட்டதாம். "விஞ்ஞானமே தாய்வழி நோய் என்கிறதே, பார்த்தீரா?" எனக் களிக்கின்றனர். களிக்கட்டும்! விஞ்ஞானம் கூறுவதை முழுதும் கேட்கும் பொறுமை அவர்க்குண்டா என்று கேட்கிறோம்.

உணவிலிருந்து ஆற்றலை வடித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியா எனும் நுண்ணுலைகள் நம் உயிரணுக்களில் உள. அவற்றுக்கெனத் தனியே ஒரு சிறு டி.என்.ஏ. ஏடு உண்டு: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். 1981-இல் கேம்பிரிட்ஜில் அதனை முழுதும் படித்து முடித்தனர். அதில் 3243-ஆம் இடத்தில் 'ஏ' மறைந்து 'ஜி' நின்றால், பாரிசவாயு போலத் தாக்கும் மெலாஸ். 8344-ஆம் இடத்தில் அதே மாற்றம் நேரின், தசைத்துடிப்பும் வலிப்புமாக வரும் மெர்ஃப். இரண்டு பிழைகளும் 1990-இல் கண்டறியப்பட்டன. ஆற்றலைப் பெரிதும் விழுங்குவன மூளையும் தசையும். உலை அவிந்தால் முதலில் வாடுவனவும் அவையே. ஓர் எழுத்துப் பிழை! இதில் பாவம் எங்கே வந்தது?

விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியா கருவில் அழிந்துபோகின்றன. எனவேதான் தாயின் ஏடே பிள்ளைக்கு. ஆண்மகனுக்கும் இந்நோய் வரும். அவன் மக்களுக்கு மட்டும் அது செல்வதில்லை. பாவமே காரணமெனில், ஆணின் பாவத்துக்கு விலக்களித்த சட்டம் எதுவோ?

தாயிடம் நல்ல ஏடும் பிழையேடும் கலந்தே இருக்கும். பிழையின் பங்கு ஓர் எல்லையைத் தாண்டினால்தான் நோய். எந்த முட்டையில் எவ்வளவு விழும் என்பது வெறும் தற்செயல். ஒரு வயிற்றுப் பிள்ளைகளிலேயே ஒருவன் படுக்கையில், ஒருத்தி ஓட்டப்பந்தயத்தில்! சீட்டுக் குலுக்கலைக் குற்றமென்பார் உண்டோ?

இன்னொன்றும் கேளுங்கள். அவ்வுலைக்கு வேண்டிய ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்களின் குறிப்பு உட்கருவில் உள்ளது. அங்கு நேரும் பிழை தந்தைவழியும் வரும். பல நோய்களில் இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று சேர்ந்தாலே தாக்கும். அக்காள் மகளை, மாமன் மகளை மணமுடிக்கும் நம் வழக்கத்தில் அச்சேர்க்கைக்கு வாய்ப்பு மிகுதி. பத்துப் பொருத்தம் பார்த்த சோதிடர் இதனைப் பார்த்தாரா?

நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்றில்லை, மறைக்கமாட்டோம். ஆயினும் பெற்றோரின் உட்கருவை, வேறொரு பெண் ஈந்த நலமான முட்டையில் வைத்துக் கருவாக்கும் முறைக்குப் பிரிட்டன் 2015-இல் சட்டம் இயற்றியது. அம்முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்ததை 2025-இல் நியூகாசில் மருத்துவர்கள் அறிவித்தனர். இங்கோ, அழும் தாயின் கையில் பாற்செம்பைக் கொடுத்துப் புற்றுக்கு அனுப்புகிறார்கள்!