கருவி கரை திரும்ப வேண்டும்

குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய 2024 பிப்ரவரி 28 அன்றே அங்கிருந்து ஒரு ரோகிணி-200 ராக்கெட் கிளம்பியது. காரியாபட்டியிலிருந்து தூத்துக்குடி நாற்கரச் சாலையைப் பிடித்தால் அரை நாளில் போய்வரலாம். சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவை அங்கிருந்து ஆராய முடியுமா என்று நம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ரோகிணி-200 ஏறுவது சுமார் 80 கி.மீ.; வானிலை ஆய்வுக்கு அது போதும். பத்து லட்சம் டிகிரியைத் தாண்டிய கரோனாவின் தீவிரப் புறஊதாக் கதிர்களை அதற்கும் மேலே உள்ள காற்றே விழுங்கிவிடுகிறது. சுமார் 100 கிலோ கருவியோடு 400 கி.மீ.க்கு மேல் போகும் ரோகிணி-560 வேண்டும். வெண்ணொளியில் பார்க்கப் பலூன் போதும். நாசா விஞ்ஞானி நாட் கோபால்சாமி தலைமையில் 2019 செப்டம்பர் 18-இல் நியூ மெக்ஸிகோவில் பறந்த 'பிட்ஸி' கரோனாமானி (சூரிய வட்டை மறைத்துக் கரோனாவைப் பார்க்கும் கருவி) அப்படித்தான் எலக்ட்ரான்களின் வெப்பத்தையும் வேகத்தையும் அளந்தது. அதன் வழிவந்த 'கோடெக்ஸ்' 2024 நவம்பரில் விண்வெளி நிலையத்துக்கே போய்விட்டது. ஹைதராபாத்தில் டாடா ஆய்வு நிறுவனத்தின் பலூன் தளம் இருக்கும்போது இந்தப் பாதை நமக்கு எட்டாததல்ல.

பட்டாசு வட்டாரம் என்பதால் ராக்கெட் என்றதும் இங்கே பேச்சு மருந்தின் பக்கம் போகிறது. குறை அதில் இல்லை. ரோகிணி-200 தொடர்ந்து 200-ஆவது வெற்றியை 2022 நவம்பரிலேயே எட்டிவிட்டது. குறை, மேலே போன கருவி கடலோடு போய்விடுவதில்தான்.

2012 ஜூலை 11-இல் அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸிலிருந்து ராக்கெட்டில் போன 'ஹை-சி' தொலைநோக்கி வெறும் ஐந்து நிமிடம்தான் சூரியனைப் பார்த்தது. அதற்குள் காந்தப்புலச் சரடுகள் ஜடையாகப் பின்னிக் கிடப்பதையும், அவை அவிழும் இடத்தில் வெப்பம் வெளிப்படுவதையும் பிடித்துவிட்டது. பாராசூட்டில் பாலைவனத்தில் இறங்கியதால் அதைத் திருத்தி 2018-இல் வேறு அலைநீளத்தில் மறுபடி பறக்கவிட்டார்கள். திரும்பி வந்த கருவியை ஆய்வகத்தில் மறுபடி அளந்து பார்க்கலாம். வருடக்கணக்கில் விண்ணில் மங்கும் செயற்கைக்கோள் கருவிகளின் அளவைச் சரிபார்க்கவும் அது உதவும். 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கும் ஆதித்யா-எல்1-ஐ யார் போய்த் துடைப்பது?

நம் ஏவுதளங்களுக்கு முன்னால் இருப்பது கடல். 2007 ஜனவரியில் வங்கக் கடலிலிருந்து, விண்ணிலிருந்து திரும்பிய மீட்புக் கலத்தையும், 2023 அக்டோபரில் ககன்யான் சோதனைக் கலத்தையும் மீட்டவர்கள் நாம். ஒரு சின்னத் தொலைநோக்கிக்கு அதே ஏற்பாட்டைக் குறைந்த செலவில் செய்ய வேண்டும். ஆடியின் பல்லடுக்குப் பூச்சில் உப்புநீர் பட்டால் கருவி வீண். இறங்கத் தொடங்குவதற்குள் மூடிக் கொள்ளும் வாய்க்கதவு, நீர் புகாத அடைப்பு, மிதவை, இடங்காட்டி ஆகியவற்றைப் பற்றிய வடிவமைப்புக் கட்டுரைகளை அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். மாணவர்களின் கட்டுரைகளை முதலில் படிப்போம்.