தேறியது சரி, எந்தச் சோதனையில்?

தர முத்திரையைக் கண்டதும் பொருளைக் கவலையின்றி வாங்கி விடுகிறோம். முத்திரை நல்லதுதான். ஆனால் எந்தச் சோதனையில் தேறி அதைப் பெற்றது என்றும் நாம் கேட்க வேண்டும் என்பேன்.

1943 ஜனவரி 16. அமெரிக்காவின் போர்ட்லாண்டு நகரில், ஆற்றுத் துறையில் கட்டிக் கிடந்தது ‘ஸ்கெனெக்டடி’ என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல். புயலில்லை, மோதலில்லை. குளிர் மிகுந்த அன்றிரவு பெருஞ்சத்தத்துடன் நடுவில் பிளந்தது! அடித்தகடு மட்டுமே இரு பாதிகளையும் பிடித்துக் கொண்டிருந்தது.

பற்றவைப்பில் குறை இருந்தது உண்மை. ஆனால் அக்காலத்தில் வேறு பல கப்பல்களும் விரிசல் கண்டன. கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் அம்மையார், குளிரில் அந்த எஃகே கண்ணாடி போல் நொறுங்குவதைக் காட்டினார். எஃகை மெல்ல இழுத்துப் பார்க்கும் சோதனை அதன் வலிமையைச் சொல்லும். குளிரில் ஒரு சிறு கீறல் பெரும் விரிசலாக ஓடுமா என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்லும் சோதனை புதிதன்று. பிரான்சின் சார்ப்பி 1901-லேயே விவரித்ததுதான். சிறு எஃகுத் துண்டில் ஒரு வெட்டு போட்டு, கனத்த ஊசலால் அடித்து முறிப்பார்கள். மறுபக்கம் ஊசல் எவ்வளவு குறைவாக எழுகிறதோ, அவ்வளவு ஆற்றலைத் துண்டு விழுங்கியிருக்கிறது. பள்ளிக் கூடத்துப் பௌதிகம்தான்! அன்றைய கப்பல் எஃகின் தரவிதி இதைக் கேட்கவில்லை.

விதிகளை அடிக்கடி திருத்துகிறார்களே என்று உற்பத்தியாளர் சிலர் சலித்துக் கொள்வதுண்டு. திருத்தியதால்தான் இன்று ‘ஈ’ வகைக் கப்பல் எஃகு, சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரில் அந்த ஊசலின் அடியை வாங்கிக் காட்ட வேண்டியிருக்கிறது.