சட்டியின் மீது பழி போடலாமா?



வாசகி ஒருவரின் கடிதம் என் முன்னால் இருக்கிறது. அவருடைய மாமிக்கு அல்ஸைமர் நோய் என்று வைத்தியர் கூறியிருக்கிறார். பெற்ற மகனைப் பார்த்தே, "நீங்க யாரு மகன்?" என்று மாமி கேட்கிறாராம். உறவினர்களோ, "இவ்வளவு காலமும் அலுமினியச் சட்டியில் ஆக்கிக் கொடுத்தாய், அதனால்தான் இந்த நிலை" என்கிறார்களாம். உலோகம் மூளையில் படியும் என்று கேள்விப்பட்டு, கர்ப்பிணியான மகளும் கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரைகளை நிறுத்திவிட்டாராம். "நான்தான் மாமியை இப்படி ஆக்கிவிட்டேனா?" என்று அந்தச் சகோதரி கேட்கிறார்.

இல்லை சகோதரி, அப்படி நினைத்து மனம் வருந்தாதீர்கள்.

அலுமினியத்தைப் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது? 1965இல் அமெரிக்காவில் முயல்களின் மூளையில் அலுமினியச் சேர்மத்தை ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார்கள். நரம்புக் கலங்களில் முடிச்சுகள் தோன்றின. 1973இல் கனடா ஆய்வாளர்கள், நோயாளிகளின் மூளையில் அலுமினியம் கூடுதலாக இருப்பதாக அறிவித்தார்கள். ஆனால் முயலின் மூளையில் தோன்றியவை அல்ஸைமர் நோயின் முடிச்சுகளைப் போன்றவை அல்ல என்பது பின்னர் தெரிய வந்தது. சமையல் பாத்திரத்தால் இந்நோய் வருகிறது என்பதும் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. நாம் விழுங்கும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை. சேர்வதையும் சிறுநீரகம் பெரும்பாலும் வெளியேற்றிவிடுகிறது. புளிப்பு, அலுமினியத்தைக் கரைக்கும் என்பது உண்மையே. எனவே புளியாணத்தை மண்சட்டியில் ஆக்குவது நல்லது. சிறுநீரக நோயாளி இருக்கும் வீட்டில் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

அப்படியானால் உலோகத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வேறு உலோகங்களின் கதை.

1906இல் ஜேர்மனிய வைத்தியர் அலோய்ஸ் அல்ஸைமர், இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் படிவுகளையும் முடிச்சுகளையும் கண்டு விவரித்தார். அந்தப் படிவுகளில் முக்கியமானது அமிலோயிட் பீட்டா என்னும் சிறு புரதம். சுமார் 40 அமினோ அமிலங்கள் மாலைபோல் கோக்கப்பட்டது அது. அந்த மாலையில் 6ஆம், 13ஆம், 14ஆம் இடங்களில் ஹிஸ்டிடீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதிலுள்ள நைதரசன் அணுக்கள் செப்பு, நாகம் ஆகியவற்றின் அயன்களைப் பற்றிக்கொள்கின்றன. இரண்டு முந்தானைகளைச் சேர்த்துக் குத்தும் பின்னைப் போல, நாக அயன் ஒரு புரதத்தை மற்றொன்றோடு இணைத்துவிடும். நாகம் சேர்ந்தால் இப்புரதம் விரைவாகத் திரள்வதை 1994இல் ஆய்வுகூடத்தில் காட்டினார்கள். புரதத்தோடு ஒட்டிய செப்பு, ஒட்சிசனோடு தாக்கமுற்று நரம்புக் கலங்களைத் தாக்கும் பொருட்களை உண்டாக்குகிறது. நோயாளிகளின் மூளைப் படிவுகளில் செப்பு, நாகம், இரும்பு மூன்றும் மிகுந்திருப்பதை 1998இல் அளந்து கண்டார்கள்.

சகோதரிகளே, இந்த மூன்றும் உடலுக்கு அவசியமானவை என்பதை மறந்துவிடாதீர்கள். நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போதே நாகத்தை வெளிவிடுகின்றன. வீட்டில் உப்பு இருக்க வேண்டியதுதான், தேநீரில் விழுந்தால்தான் கெடுதி. இந்த உலோகங்களும் அப்படித்தான், சேரக்கூடாத இடத்தில் சேர்வதுதான் தொல்லை.

"உலோகத்தை எடுத்துவிட்டால் சுகமாகுமே" என்று ஆய்வாளர்களும் எண்ணினார்கள். உடலிலிருந்து இரும்பை அகற்றும் டெஃபெரிப்ரோன் மருந்தை அவுஸ்திரேலியாவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் முடிவு வெளியானது. வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட, மருந்து எடுத்தவர்களின் அறிவாற்றலே வேகமாகக் குறைந்திருந்தது! (தலசீமியா நோயாளிகளுக்கு இம்மருந்து வேறு காரணத்துக்காகக் கொடுக்கப்படுகிறது. அவர்கள் அதை நிறுத்தக் கூடாது.)

ஆகவே, உங்கள் மகளை இன்றே கிளினிக்குக்கோ மருத்துவ மாதுவிடமோ அனுப்பி, இரும்பு மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் செய்யுங்கள். கர்ப்பகாலத்தில் இரத்தச்சோகை தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தானது.

மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. மறதியெல்லாம் அல்ஸைமர் அல்ல. விற்றமின் பி12 குறைவு, தைரொயிட் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. எனவே வீட்டுப் பெரியவர்களை வைத்தியரிடம் காட்டுங்கள். மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நம்மால் குறைக்கக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2024இல் பட்டியலிட்டது. இரத்த அழுத்தம், சீனி வருத்தம், காது கேளாமை, புகைத்தல், தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. அலுமினியச் சட்டி இல்லை.

கடிதம் எழுதிய சகோதரியே! மாமி மகனை யாரென்று கேட்டால், "உங்கட மகன்தான் மாமி" என்று மெதுவாகச் சொல்லுங்கள். பத்தாவது தடவை கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். பழி சொல்லும் உறவினர்களிடம் இந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுங்கள். மாமியைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் ஒருநாள் அவர்களையும் வரச் சொல்லுங்கள்.