கிறவல் கொட்டுமுன் ஒரு வார்த்தை



பெரும்போகம் தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. அதற்குள் நமது வட்டையில் மேலும் இரண்டு வயல்களுக்குள் டிப்பர் இறங்கிவிட்டது. கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "என்ட காணி, என்ட உறுதி, என்ட மகளுக்கு வீடு. உங்களுக்கென்ன சேர்?"

மகளுக்கு வீடு என்பது சின்ன விசயமில்லை. பெண்பிள்ளை பெற்ற எந்த வாப்பாவுக்கும் அது தெரியும். கல்முனை தொடங்கி நிந்தவூர் வரை கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு கீலம் நிலத்தில்தான் எல்லோரும் நெருக்கியடித்து இருக்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கமும் சுருங்கிவிட்டது. அதனால் வயலை நிரப்புகிறவரைப் பேராசைக்காரர் என்று ஏச எனக்கு மனமில்லை. (காணி புரோக்கர்மார் இந்தக் கணக்கில் இல்லை.)

ஆனால் "என்ட காணி" என்ற பேச்சை மட்டும் ஏற்க முடியாது.

அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் 1980களில் நமது மாவட்டத்தில், கல்லோயா இடது கரையில், கமக்காரரோடு ஆய்வு செய்தவர். 1992இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். பல வருடங்களாகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைக் கமக்காரர்களே இறங்கி வெட்டினார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மேலே மிச்சம் பிடித்ததைக் கடைசி வயல்களுக்கு அனுப்பினார்கள். மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களவர், கீழே தமிழ் பேசுபவர்களும் இருந்தார்கள். அதுவும் அந்தக் காலத்தில்! ஒரு வயலின் விளைச்சல் அதே வாய்க்காலில் உள்ள மற்ற வயல்காரரின் கையிலும் இருக்கிறது என்பதே அதில் நான் கண்டது.

இப்போது நடப்பது அதற்கு நேர் எதிர். நடுவில் ஒரு வயலை நிரப்பினால் கீழ் வயலுக்குத் தண்ணீர் போகாது, மாரி மழையில் மேல் வயலின் வெள்ளம் வடியாது. இரண்டு போகம் நட்டப்பட்ட பக்கத்து வயல்காரர் மூன்றாவது போகம் தானும் கிறவலுக்குச் சொல்லிவிடுகிறார். பிறகு, வீட்டுக்குள் வெள்ளம் வருகிறதென்று எல்லோரும் சேர்ந்து பிரதேச சபையை ஏசுகிறோம்.

சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. சொந்த உறுதி கையில் இருந்தாலும் சரி. அப்படியானால் வெள்ளிக்கிழமை பின்னேரமும் போயா நாளும் பார்த்து டிப்பர் வருவது ஏன்?

2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது என்ன நடந்ததென்று மறந்திருக்க மாட்டீர்கள். விளைச்சல் விழுந்தது, அரிசி கப்பலில் வந்தது. வீட்டில் நாலு மூடை நெல் வைத்திருந்தவர் பயமில்லாமல் தூங்கினார். அந்தத் தடையை அதே வருடம் நவம்பரில் நீக்கினார்கள். கொட்டிய கிறவலை அள்ளி மறுபடியும் வயலாக்கியதை நான் எங்கும் காணவில்லை.

வீட்டுக்கு வழி? இருக்கிற வளவில் மேல்மாடி எடுப்பதுதான். செலவு கூடத்தான், அத்திவாரத்தையும் பார்க்க வேண்டும். ஆனால் மகளுக்கு மாடியில் வீடு கொடுத்தால் கௌரவக் குறைவு என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வதை யார் நிறுத்துவது? பள்ளிவாசல் நிர்வாகம் இதை ஒருமுறையாவது பேச வேண்டும்.

கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்வி கேட்கப் போகிறேன்: இந்த இரண்டு வயல்களுக்கும் அனுமதிக் கடிதம் இருக்கிறதா? மூடப்பட்ட வாய்க்காலை விதைப்புக்கு முன் யார் வெட்டித் தருவது? கீழ் வயல்காரர்கள் அன்று கட்டாயம் வாருங்கள்.