தனிச் சுடுகாடு யார் பணத்தில்?

ஆம்பூர், வாணியம்பாடி என்றால் சட்ட மாணவர்களுக்கு 1996 தீர்ப்புதான் நினைவுக்கு வரும். தோல் தொழிற்சாலைக் கழிவு, பாலாறு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு. இதே தோல் பகுதியிலிருந்து உயர் நீதிமன்றம் ஏறிய இன்னொரு வழக்கைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

2019 ஆகஸ்ட் 15 அன்று வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிப்பதாக அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். இரண்டே நாளில் வாணியம்பாடி அருகே நாராயணபுரம் காலனி மக்கள், விபத்தில் இறந்த ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஆற்றங்கரையில் இறக்கினார்கள். நிலத்துக்காரர்கள் வேலி போட்டு வழி மறுத்தார்கள் என்பது காலனி மக்களின் குற்றச்சாட்டு. காணொலி பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது.

அரசு என்ன செய்தது? காலனிக்கென்று தனியாக மயான நிலம் ஒதுக்கியது. நீதிபதிகள் எஸ். மணிக்குமார், சுப்பிரமணியம் பிரசாத் அமர்வு அங்கேதான் மடக்கியது. காவல் நிலையமும் மருத்துவமனையும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்போது சுடுகாடு மட்டும் ஏன் தனி? தனி மயானம் கொடுத்து அரசே இந்த வழக்கத்தை ஊக்குவிப்பதுபோல் இருக்கிறதே?

தோழர்களே, இந்தக் கேள்வி வேலி போட்டவரைப் பார்த்துக் கேட்டதல்ல. அரசின் கொள்கையையும் அது செலவழிக்கும் பணத்தையும் பார்த்துக் கேட்டது. நாம் பிடிக்க வேண்டிய நுனி இதுதான்.

அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு 15(2)-ஐ எடுத்துப் படியுங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் எதுவானாலும், முழுதாகவோ ஓரளவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்பட்டால் சாதியைச் சொல்லி ஒருவரைத் தடுக்கக் கூடாது. சுடுகாடு என்ற சொல் அதில் இல்லையே என்று யாராவது வாதாடினால், 1955-ன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 4-ஆம் பிரிவைக் காட்டுங்கள். அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தமும் அப்படியே. இது டில்லியிலிருந்து இறக்குமதியான சிந்தனையும் அல்ல. பொதுச் சாலையிலும் கிணற்றிலும் நமக்குள்ள உரிமைக்காக இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல்.

அரசுக்கு அதிகாரம் இல்லாமல் போகவில்லை. அரிஜன நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்கும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் (பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது, போகட்டும்) வீட்டுமனைக்கு மட்டுமல்ல, மயானத்துக்கும் மயானப் பாதைக்கும் பொருந்தும். நில உரிமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் அரசமைப்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். இழப்பீட்டைத் தவணையில் தரலாம் என்ற பகுதி மட்டும் விழுந்தது, சட்டம் நின்றது. முப்பது ஆண்டுக்கு மேல் இப்படி ஒரு சட்டத்தைக் கையில் வைத்திருந்த அரசால், நாராயணபுரத்துக்கு ஒரு வண்டிப்பாதை எடுத்துக் கொடுக்க முடியவில்லை. ஆம்பூரில் நம் ஆட்கள் தைக்கும் ஷூ ஐரோப்பாவரை போகிறது, வழியில் அதை மறிப்பார் இல்லை.

"நம்ம ஜனமே தனிச் சுடுகாடு கேட்குதே, பிணத்தை வைத்துக்கொண்டு சட்டம் பேசவா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சாவு வீட்டுக்காரர் கிடைத்ததை வாங்கிக்கொள்வார், அதில் தப்பே இல்லை. அவர் வாங்கிக்கொண்டதைக் காட்டி அரசு அதையே கொள்கையாக்குவதுதான் அயோக்கியத்தனம். அதைவிட மோசம், இந்தச் செலவை ஆதிதிராவிடர் நலத்துறைக் கணக்கில் 'நலம்' என்று எழுதுவது. நம்மை ஒதுக்கிவைக்கும் செலவு நம் கணக்கிலேயே! ஊர் மயானத்தைத் திறக்கவும் பாதையை எடுக்கவும் இடைக்கால உத்தரவு கேட்டால் பிணம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு காணொலி கண்ணில் பட்டதால் நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கு, காணொலி மறந்ததும் ஆறிப்போகும். நாம் போடும் பொதுநல வழக்குக்கு ஆவணம் வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியிலும் எத்தனை மயானம், எது யாருக்கு, தகனமேடை, சுற்றுச்சுவர், பாதை ஒவ்வொன்றுக்கும் எந்த ஆண்டில் எந்தத் தலைப்பிலிருந்து எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். அந்தப் பதில்களை வைத்து, சாதிவாரி மயானத்துக்கு அரசுப் பணம் செலவிடுவது உறுப்பு 14, 15(2), 17-க்கு எதிரானது என்று அறிவிக்கக் கோருவோம். ஆலங்காயம், மாதனூர் ஒன்றியங்களில் தொடங்கலாம். இந்த மாதம் யார் யார் மனு போடுகிறீர்கள் என்று எழுதுங்கள்.